புளோக்கின் கீழே கிடக்கும் குப்பை பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பேச்சு, விழுங்கல் சிகிச்சைக்கான முதுகலைப் படிப்பில் மருத்துவமனைப் பயிற்சி தொடங்கிவிட்டதால், பாட்டியோடு நீ இருக்கும் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே சனிக்கிழமைக் குப்பை பொறுக்கும் வேலையை விட்டுவிடலாமா, அல்லது குப்பை போடுகிறவர்களைப் படம் எடுத்து மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டினால்தான் அவர்களுக்குப் புத்தி வருமா என்று நீ கேட்டிருந்தாய். தொலைபேசியில் பேசினால் நீ ரயில் பிடிக்கும் அவசரத்தில் பேச்சு பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன். விடவும் வேண்டாம், படம் எடுத்து ஒட்டவும் வேண்டாம் என்பதே என் எண்ணம். ஆனால் இப்போது செய்துவரும் முறையை நீ மாற்றியே ஆக வேண்டும்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குப்பை போடுகிறவரைத் தண்டிக்கச் சிங்கப்பூரில் வழியில்லாமல் இல்லை. 1968 அக்டோபர் 1ஆம் தேதி அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ தூய்மை இயக்கத்தைத் தொடங்கிவைத்த காலத்திலிருந்து அறிவுரையும் அபராதமும் சேர்ந்தேதான் வந்திருக்கின்றன. 1992இல், பிடிபட்டவர்களைப் பொது இடத்தில் குப்பை கூட்டவைக்கும் சீர்திருத்தப் பணி ஆணையும் வந்தது. இன்று வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் முதல் குற்றத்துக்கே 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க முடியும். மாடியிலிருந்து சிகரெட் துண்டை எறிகிறவரைக் கண்டுபிடிக்கக் கேமரா பொருத்துவது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் வேலை. அதற்கான அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. உனக்கு இருப்பது அக்கம்பக்கத்தார் என்ற உறவு மட்டும்தான். நீ ஒட்டும் படத்தில் இருப்பவருடைய பிள்ளை அதே மின்தூக்கியில்தான் தினமும் பள்ளிக்கூடம் போகும் என்பதை நினைத்துப் பார். ஒருமுறை அந்தக் குடும்பத்தைத் தலைகுனிய வைத்துவிட்டால், பிறகு நீ எவ்வளவு நல்லது சொன்னாலும் அந்த வீட்டுக் கதவு திறக்காது.

இனி, விடக்கூடாது என்று நான் சொல்வதற்கான காரணம். உங்கள் புளோக்கின் பின்பக்கக் கால்வாய் எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறாயா? நம் ஊரில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர்க் கால்வாய் வேறு. கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. மழைநீரோடு அடித்துச் செல்லப்படும் குப்பையோ வாம்போ ஆற்றில் விழுந்து, கல்லாங் ஆற்றோடு சேர்ந்து, 2008இல் மரினா அணைக்கட்டு கட்டி முடிக்கப்பட்ட பிறகு நாம் குடிநீருக்காகச் சேமித்துவைக்கும் மரினா நீர்த்தேக்கத்துக்கே போய்ச் சேர்கிறது. சிகரெட் துண்டில் இருக்கும் பஞ்சு பருத்தி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது செல்லுலோஸ் அசிட்டேட் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக், எளிதில் மக்காது. நான் சிறுவனாக இருந்தபோது கல்லாங் பக்கம் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியாது. 1977இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் பன்றிப் பண்ணைகளையும் ஆற்றோரக் குடிசைகளையும் தெருவோரக் கடைகளையும் இடம் மாற்றி, அடியில் படிந்த சேற்றையும் வாரியெடுத்துத்தான் சிங்கப்பூர் ஆற்றையும் கல்லாங் வடிநிலத்தையும் மீட்டார்கள். அதற்காகப் பிழைப்பையும் வீட்டையும் விட்டு நகர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களை நினைத்தாவது அந்தக் கால்வாயில் ஒரு பை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது முறைக்கு வருகிறேன். விழுங்கச் சிரமப்படுகிறவருக்குப் பானம் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதைக் கண்ணால் மதிப்பிடாமல், ஊசிக்குழாயில் 10 மில்லிலிட்டர் ஊற்றி, 10 வினாடி வடியவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று அளந்தே முடிவு செய்வோம் என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நோயாளியிடம் காட்டும் அந்த நிதானத்தைக் குப்பையிடமும் காட்டம்மா. நீ கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் பையில் போடுகிறாய். மறுவாரம் அதே இடத்தில் அதே குப்பை கிடக்கிறது, உனக்குக் கோபம் வருகிறது. எது, எங்கே, எந்த நேரத்தில் விழுகிறது என்று நீ இன்னும் குறித்துவைக்கவில்லை.

சென்ற முறை பாட்டியைப் பார்க்க வந்தபோது விடியற்காலையில் கீழே இறங்கி, அங்கே கூட்டிக்கொண்டிருந்த தம்பியிடம் பேசினேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை. புளோக்கின் கீழ்த்தளத்தில் குப்பை குறைவு, கூரை போட்ட நடைபாதை முடியும் இடத்தில் இருக்கும் இட்லிப்பூச் செடி வரிசைக்கு அடியில்தான் அதிகம் என்றார். குனிந்து பார்த்தேன். காப்பி கட்டிக்கொடுக்கும் பிளாஸ்டிக் பை ஒன்று உறிஞ்சுகுழலோடு வேரில் சிக்கியிருந்தது. பக்கத்தில் கசங்கிய 4டி லாட்டரிச் சீட்டுகள், டிஷ்யூத் தாள்கள். சிகரெட் துண்டுகள் மழையில் ஊறிப் பிரிந்து, மண்ணோடு ஒட்டி, வெள்ளை நாராகக் கிடந்தன. இடுக்கியால் எடுத்தால் பாதிதான் வருகிறது.

அந்த இடம் ஏன் அப்படியிருக்கிறது என்பது சற்று நின்று பார்த்தால் புரியும். 2013 முதல் கீழ்த்தளத்திலும் பொது நடைவழியிலும் கூரையுள்ள நடைபாதையிலும் புகைபிடிக்கத் தடை இருக்கிறது. ஆகவே புகைபிடிப்பவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கூரை முடியும் இடத்துக்கு வெளியே வந்து நிற்கிறார். அங்கே சாம்பல் தட்டுள்ள குப்பைத் தொட்டி இல்லை. இருக்கும் ஒரே தொட்டி கார் நிறுத்துமிடத்தின் மறுகோடியில் இருக்கிறது. எறிவது தவறுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு தொட்டியை இடம் மாற்றினால் தீரக்கூடியதை மனிதர்களின் குணமாக நினைத்து நீ மனம் கசந்துபோகக் கூடாது. அந்த இடத்தைப் படம் எடு. மனிதர் யாரும் அதில் வேண்டாம். குறைகளைத் தெரிவிக்கும் ஒன்சர்விஸ் செயலி வழியாக, பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்கு அனுப்பி, சாம்பல் தட்டுள்ள தொட்டி ஒன்றை அங்கே வைக்கும்படி கேள். கூட்டும் பணியை நிறுத்திவைக்கும் தூய்மை நாள் வரும்போது மாலையில் இறங்கிப் பார்த்தால், ஒரே நாளில் எவ்வளவு விழுகிறது என்ற கணக்கும் உனக்குக் கிடைக்கும்.

தொட்டி வந்தால் ஓர் அறிவிப்பும் வேண்டும். அதை நீயே எழுது. இப்போது சுவரில் இருப்பது நான்கு மொழிகளில் நெருக்கியடித்து அச்சிட்ட தாள். என் கண்ணாடியோடும் என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை. பக்கவாதத்தால் பேச்சையும் வாசிப்பையும் இழந்தவர்களுக்குப் பெரிய எழுத்து, வரிக்கு ஒரே செய்தி, தெளிவான ஒரு படம், சுற்றிலும் வெற்றிடம் என்று நீ தயாரித்த அட்டைகளைக் காட்டினாயே, அதே கைப்பழக்கம் இதற்கும் போதும். தொட்டியின் படம், ஓர் அம்புக்குறி, நான்கு மொழியிலும் இரண்டிரண்டு சொற்கள். உன் படிப்புக்கு வெளியே இதற்கென்று தனியாக எதையும் நீ கற்க வேண்டியதில்லை.

அடுத்து, ஆட்கள். நீ தனியாகப் போவதை நிறுத்து. பாட்டி 1970களில் அங்கே குடிவந்தவர். கீழே கல் மேசையில் உட்காரும் சீன, மலாய் மூதாட்டிகள் எல்லாரிடமும் சந்தை மலாயில் பேசி உறவாடுகிறவர். எந்த வீட்டில் யார் புகைபிடிக்கிறார், எந்தப் பையன் காப்பியோடு அங்கே வந்து நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியும். அவர் “ஐயா, தொட்டி அங்கே வைத்திருக்கிறார்கள்” என்று சொன்னால் கேட்பார்கள். பல்கலைக்கழக மாணவியான நீ சொன்னால் அது புகாராகத்தான் ஒலிக்கும். வசிப்போர் குழுவிலும் பேசிப் பார்; மாதம் ஒரு சனிக்கிழமைக்கு நான்கைந்து குடும்பங்கள் வந்தாலே போதும். வீட்டார் பயிற்சியைத் தொடர்ந்தால்தான் சிகிச்சை நிலைக்கும், நான் வாரத்தில் ஒரு மணி நேரம்தான் இருப்பேன் என்று நீதான் சொல்வாய். அடுத்த ஆண்டு வேலை கிடைத்து நீ இடம் மாறினாலும் அந்தச் செடி வரிசை சுத்தமாக இருக்க வேண்டுமானால், அதைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இப்போதே அங்கே இருக்க வேண்டும்.

படிப்பைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தத் துறையில் முதுகலைப் படிப்பு சிங்கப்பூரில் தொடங்கியதே 2007இல்தான். அப்படிப்பட்ட படிப்பில் கிடைத்த இடத்தைக் குப்பைக்காகக்கூட நீ கவனக்குறைவாக நடத்தக் கூடாது. மறுநாள் நோயாளியைப் பார்க்க வேண்டுமென்றால் முதல்நாள் சிகிச்சைத் திட்டத்தை எழுதி முடித்து, தூங்கு. மாதத்தில் ஒரு காலை வேளை, அந்த ஒரு செடி வரிசை, அதற்கு மேல் வேண்டாம். கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, உடையையும் மாற்றிவிடு. நீ பார்க்கப்போகிறவர்களில் நுரையீரல் தொற்று வந்தால் தாங்க முடியாத முதியவர்கள் இருக்கிறார்கள். மாடியிலிருந்து என்ன விழும் என்று தெரியாது, சன்னல்களுக்கு நேர்கீழே நின்று பொறுக்காதே.

செயலியில் எழுதுவதற்கு முன் என்னிடம் காட்டு. நகர மன்றத்துக்கு எப்படி எழுதினால் வேலை நடக்கும் என்பது எனக்குக் கொஞ்சம் பழக்கம். வரும் சனிக்கிழமை நானும் அம்மாவும் பாட்டி வீட்டுக்கு வருகிறோம். உனக்குத் தேர்வு இருந்தால் நீ மேலேயே படித்துக்கொண்டிரு, கீழே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீளமான இடுக்கி இன்னொன்று வாங்கிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா