இருபது நிமிடம் என்னை நிற்க வைத்தவர்களுக்கு

பக்கத்து வீட்டு மக்சிக் (மலாயில் அத்தை), குப்பை அறையில் வேலை செய்யும் தம்பி, ரயிலில் ரசம் துடைத்த பாலிடெக்னிக் பிள்ளை, டிஷ்யூ கொடுத்த நாலு பேர், இரவு இரண்டரை மணிக்குத் தொலைபேசியை எடுத்த பெயர் தெரியாத அந்தப் பெண், எல்லாருக்கும் வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என்னை ஞாபகம் இருக்காது. மக்சிக்குக்குத் தமிழ் வராது, அவருக்கு நானே வாசித்துச் சொல்லிவிடுவேன். ஆனாலும் நாலு பேர் பார்க்கிற இடத்தில் இதை எழுதிவைக்க வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபரில், இங்கே சிங்கப்பூரில், அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மகன் தேசிய சேவையில் (கட்டாயப் படைச் சேவை) இருக்கிறான், ஞாயிறு இரவு முகாமுக்குப் போனால் வெள்ளிக்கிழமைதான் வீடு. ஈசூனில் இருக்கும் வீட்டில் இருந்து அலுவலகம், அலுவலகத்தில் இருந்து மருத்துவமனை, திரும்ப வீடு, நின்றபடியே சாப்பாடு, நாலு மணி நேரத் தூக்கம். பார்க்கிறவர்கள் எல்லாம் "உன் உடம்பையும் பார்த்துக்கோம்மா" என்றார்கள். அக்கறையோடு சொன்னதுதான், எனக்குத் தெரியும். எதை நிறுத்திவிட்டு எப்போது பார்த்துக்கொள்வது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

முதல் வாரமே சாவி போயிற்று. எங்கள் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) பழையது, குப்பைக் குழாய் சமையலறைக்குள்ளேயே இருக்கிறது. மருத்துவமனைக்குக் கிளம்பும் அவசரத்தில் குப்பைப் பையும் சாவிக்கொத்தும் ஒரே கையில் இருந்தன, குழாய் மூடியைத் திறந்து போட்டபோது இரண்டும் சேர்ந்து போய்விட்டன. ஒன்பது மாடிக்குக் கீழே வரை சாவி இடித்துக்கொண்டே போகிற சத்தம் கேட்டது. திறந்த வீட்டுக்கு மக்சிக்கைக் காவல் வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். எங்கள் வரிசையில் மேலிருந்து கீழ்வரை எல்லா வீட்டுக் குப்பையும் ஒரே தொட்டியில்தான் விழும். தம்பி, நீங்கள் அப்போதுதான் குப்பை அறைக் கதவைத் திறந்துகொண்டிருந்தீர்கள். நான் திக்கித் திணறிச் சொன்னதைக் கேட்டு நீங்கள் சிரிக்கவில்லை. "எப்போ போட்டீங்க?" என்றீர்கள். இப்போதுதான் என்றேன். "அப்போ மேலேதான் இருக்கும்" என்று கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டீர்கள். பத்து நிமிடம் இருக்கும். சாவியைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, உயரத் தூக்கிக் காட்டி, பங்களாதேஷில் பிறந்து இங்கே உடன் வேலை செய்பவர்களிடம் கற்றுக்கொண்ட தமிழில் கேட்டீர்களே, "சாவி குளிச்சாச்சு. அக்கா சாப்பிட்டாச்சா?" என்று. அப்போதுதான் நீங்களும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். முந்தின நாள் மதியத்துக்கு அப்புறம் நான் எதுவுமே சாப்பிடவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அன்று காலை இரண்டு புரோட்டா உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.

ரயில் கதை அதற்கு அடுத்த சனிக்கிழமை. அம்மாவுக்குப் பிளாஸ்கில் ரசம். மருத்துவமனைக்கு நொவீனா நிலையத்தில் இறங்க வேண்டியவள் தூங்கிவிட்டேன். மடியில் சூடு பட்டு விழித்தால் சிட்டி ஹால் வந்துகொண்டிருக்கிறது, பிளாஸ்க் சாய்ந்து ரசம் தரையில் ஓடுகிறது. ரயிலில் சாப்பிட்டால், குடித்தால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் என்று படித்துப் படித்து வளர்ந்தவர்கள் நாம், எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஒருவர் முகம் சுளிக்கவில்லை. உணவங்காடியில் மேசைமேல் வைத்து இடம் பிடிக்க நாம் எல்லாரும் பையில் வைத்திருக்கிற டிஷ்யூ பொட்டலம், அது நாலு பையில் இருந்து ஒரே நேரத்தில் வெளியே வந்தது. சிட்டி ஹாலில் இறங்க வேண்டிய ஒரு பிள்ளை இறங்காமல் முட்டி போட்டுத் துடைத்தார். அது கூசு தீவுக்குச் சீனர்கள் வழிபடப் போகிற மாதம். படகுத்துறைக்குப் போகும் மூதாட்டி ஒருவர், பை நிறைய பூசைச் சாமானோடு எதிரே இருந்தார். மூக்கால் இழுத்து முகர்ந்து "வாசம் நல்லா இருக்கு, யாருக்கு?" என்று மலாயில் கேட்டார். அம்மாவுக்கு என்றேன். இரண்டு ஆரஞ்சு எடுத்துக் கொடுத்தார். சீனர்கள் ஒற்றையாகக் கொடுக்க மாட்டார்கள், சோடியாகத்தான்.

அப்படியே நொவீனாவைத் தாண்டி எட்டு நிலையம், கடைசி நிறுத்தமான மரினா சவுத் பியர் வரை போய்விட்டோம். திரும்பும் ரயிலில் அந்தப் பிள்ளை "தூங்குங்க ஆண்ட்டி, நான் பார்த்துக்கிறேன்" என்றார். நிஜமாகவே தூங்கிவிட்டேன். நொவீனாவில் என் தோளைத் தட்டியது முன்பின் பார்க்காத ஒரு பெண். பிள்ளை சிட்டி ஹாலில் இறங்கும்போது என்னை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்! அம்மாவிடம் இதைச் சொன்னேன். அறுவை சிகிச்சைக்கு அப்புறம் முதன்முறையாக அம்மா வாய்விட்டுச் சிரித்தார், தையல் வலிக்கக் கூடாது என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "பாவம், ரசத்துக்கும் ஊர் சுத்திப் பார்க்க ஆசை இருக்காதா?" என்றார். மிச்சம் அரை தம்ளர்தான் இருந்தது, அதைக் குடித்துவிட்டு ஆரஞ்சை ஆளுக்கொன்றாக உரித்தோம்.

இப்போது மக்சிக். உங்களுக்குத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

நவம்பரில் அம்மா வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், தாளிக்கிற கரண்டி கவிழ்ந்து கொதிக்கிற எண்ணெய் என் இடது கையில் கொட்டியது. என் அலறலைக் கேட்டு ஓடிவந்தீர்கள். நான் பற்பசையைப் பிதுக்கத் தயாராக நிற்கிறேன், எங்கள் வீட்டில் தீக்காயத்துக்கு அதுதான் பழக்கம். நீங்கள் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, வீங்குவதற்குள் வளையலைக் கழற்றி, என் கையைக் குழாய்த் தண்ணீருக்கடியில் பிடித்தீர்கள். சமூக மன்றத்தில் முதலுதவி கற்றுக்கொண்டவர் நீங்கள். இருபது நிமிடம் என்றீர்கள். ஐஸ் வைக்கலாமா என்றேன், கூடாது, வெந்த தோலை ஐஸ் இன்னும் புண்ணாக்கும் என்றீர்கள். எண்ணெய் வழிந்து போனாலும் சூடு தோலுக்குள்ளேயே நின்று இன்னும் உள்ளே வேகவைத்துக்கொண்டிருக்கும், ஓடுகிற தண்ணீர்தான் அதை வெளியே இழுக்கும், பற்பசை பூசினால் சூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்று உங்கள் மலாயிலும் என் அரைகுறை மலாயிலுமாகப் புரியவைத்தீர்கள். நல்லெண்ணெய், நெய், வெண்ணெய் எதுவும் வேண்டாமாம். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நிமிடத்திலேயே கையை இழுத்தேன். அம்மாவுக்கு மாத்திரை நேரம், குழம்பு பாதியில் நிற்கிறது. "சபார்" என்றீர்கள், மலாயில் பொறுமை. ஐந்தாவது நிமிடத்தில் திரும்பவும் இழுத்தேன். "சபார்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என் மணிக்கட்டை விடவில்லை. பத்தாவது நிமிடத்தில் நான் அழ ஆரம்பித்துவிட்டேன். வலி அல்ல அது, ஐந்து வாரத்துக்கு அப்புறம் ஒரே இடத்தில் சும்மா நிற்கிறேன், அது வந்து அப்படியே இடித்துவிட்டது. நீங்கள் அழாதே என்று சொல்லவில்லை. அழுகை கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, கல்யாணமான புதிதில் நோன்புப் பெருநாளுக்குச் சர்க்கரை என்று உப்பைப் போட்டுப் பலகாரம் செய்த கதையைச் சொன்னீர்கள். வந்த உறவினர் அத்தனை பேரும் ஒரு வார்த்தை பேசாமல் தின்றுவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததையும், உங்கள் மாமியார் மட்டும் "இன்னொன்று தா" என்று கேட்டதையும் நடித்தே காட்டினீர்கள். உள்ளே படுக்கையில் இருந்து அம்மா "என்ன அங்க சிரிப்பு?" என்று குரல் கொடுத்தார். குழாய் ஓடுகிறது, கை எரிகிறது, நாம் இரண்டு பேரும் நிற்க முடியாமல் சிரிக்கிறோம். இருபது நிமிடம் முடிந்ததே தெரியவில்லை.

கிளினிக்கில் மருத்துவர், உடனே தண்ணீரில் பிடித்ததால்தான் இவ்வளவோடு போயிற்று என்றார். இப்போது கையில் லேசான நிறமாற்றம் மட்டும் இருக்கிறது.

எல்லா நாளும் இப்படிச் சிரிப்பில் முடிந்தது என்று எழுதினால் பொய். டிசம்பரில் ஒரு இரவு, அம்மாவின் படுக்கையை மூன்றாம் முறை மாற்றிவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்கத் தோன்றவில்லை. 2025 ஜூனில் தொடங்கிய 1771 என்ற மனநல உதவி எண், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், காசு கிடையாது, பெயர்கூடச் சொல்ல வேண்டாம். அழைத்தேன். நாற்பது நிமிடம் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. கடைசியில் "நாளைக்கு உங்களுக்காக ஒரே ஒரு சின்ன விஷயம் செய்யணும்னா என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்டார். இருபது நிமிடம் சும்மா நிற்பேன் என்றேன். ஏன் இருபது என்று அவர் கேட்கவே இல்லை, நன்றாக இருக்கிறது என்றார். உதவி கேட்க வெட்கப்பட்டு நிற்கும் நம் பெண்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும், அவர்களுக்காகவே அந்த எண்ணை இங்கே எழுதினேன்.

இப்போது அம்மா வாரம் இரண்டு நாள் பக்கத்து புளோக்கில் இருக்கும் மூத்தோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குப் போகிறார், அங்கே கேரம் ஆட்டத்தில் யாரையும் விடுவதில்லையாம். அந்த நாட்களில் வேலைக்குப் போகுமுன் கோப்பிக்கடையில் ஒரு கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) வாங்கி, கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, இருபது நிமிடம் உட்காருகிறேன். தம்பி சில நாள் தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் போவார். தூரத்தில் இருந்தே சாவியை ஆட்டிக் காட்டுவேன், அவர் கட்டைவிரலை உயர்த்துவார்.

தேக்கா சந்தையில் கரும்பு வந்துவிட்டது. மக்சிக், உங்கள் பச்சை டப்பா நவம்பரில் இருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அதை வெறுமையாகத் திருப்பித் தர அம்மா விடவே மாட்டார். பொங்கலன்று காலை கதவைத் தட்டுவேன். வெல்லம் போட்டதும் அம்மாவே ருசி பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.