கோழியோடு அதன் நோய் விவரத்தையும் எழுதிக் கொடுங்கள்

வளர்ந்த முட்டைக்கோழிகளை விற்கும் பண்ணையாளர்களுக்கு,

வணக்கம்.

வீட்டுக் கொட்டிலில் பத்துப் பன்னிரண்டு கோழிகளை வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் முட்டையிடும் பருவத்துக் கோழிகளை உங்களிடம்தான் வாங்குகிறோம். வாங்கிச் சென்ற கோழி தும்மத் தொடங்கி, பிறகு எங்கள் பழைய கோழிகளும் ஒவ்வொன்றாக நோயில் விழுவது நீங்கள் அறியாதது அல்ல. ஆகவே நேராகவே கேட்கிறேன். எந்தெந்தத் தடுப்பூசிகள் போடப்பட்டன, கடைசியாக எந்த மருந்து எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, அந்தக் கூட்டத்தில் இதற்கு முன் சுவாச நோய் கண்டதா என்ற மூன்றையும் விற்கும் ஒவ்வொரு கோழிக்கும் எழுதிக் கொடுங்கள்.

நான் வாங்கியவை நான்கு. சளித் தொல்லை உண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்றே பதில் வந்தது. ஒரு வாரம் தனியே அடைத்துப் பார்த்தேன். கண் தெளிவாக இருந்தது, கொண்டை சிவந்திருந்தது, தீவனமும் நன்றாக எடுத்தன. அந்த ஒரு வாரம் போதும் என்று நினைத்தது என் பிழை. அதை நான் மறைக்கவில்லை. பழைய கோழிகளோடு சேர்த்த நான்காம் நாள் புதியவற்றுள் ஒன்று தும்மியது. இரண்டு வாரத்துக்குள் கொட்டில் முழுவதும் கறகறவென்ற மூச்சுச் சத்தம்.

என் கோழிகளில் மூத்தவளுக்கு முகம் வீங்கி இரண்டு கண்களும் மூடிக்கொண்டன. கண் தெரியாத கோழி தீவனத் தட்டின் மேலேயே நின்றுகொண்டு பசியோடு இருக்கும் என்பதை அப்போதுதான் கண்டேன். காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்பு நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைத்து, அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்டி, கையில் தீவனம் வைத்து ஊட்டினேன். கோழிக்கு உதரவிதானம் இல்லாததால் மார்புக்கூடு அசைந்தால்தான் மூச்சு. மூச்சுக்குத் தவிக்கும் பறவையை இறுகப் பிடிக்கவும் கூடாது, மல்லாத்தவும் கூடாது. பதினோராம் நாள் காலையில் அவள் மூலையில் இறந்து கிடந்தாள்.

மருத்துவரிடம் கொடுத்துச் சோதித்ததில் மைக்கோபிளாஸ்மா என்ற சுவாச நோய்க் கிருமி என்று தெரிந்தது. அதைச் சொல்லி விற்றவரிடம் கேட்டபோது, விற்பதற்கு முன் "தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்துத்தான் அனுப்பினோம்" என்று ஆறுதலாகச் சொன்னார். அந்த மருந்துதான் அறிகுறியை அமுக்கி, நோயுள்ள கோழியை நலமுள்ளதாக என் கண்ணுக்குக் காட்டியது. அதை ஒரு வரி எழுதித் தந்திருந்தால் நான் கதவைத் திறந்திருக்க மாட்டேன்.

இந்தக் கிருமி தொற்றிய பின் அறிகுறி தெரியப் பொதுவாக 6 முதல் 21 நாட்கள் ஆகும். தேறிய கோழியும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். எனவே பிழைத்த என் கோழிகளை நான் இனி யாருக்கும் கொடுக்க முடியாது, அவற்றின் முட்டைகளை அடைவைக்கவும் முடியாது. இதுபோன்ற வேறு சுவாச நோய்களும் உண்டு. கொரைசா என்ற சளி நோய் ஒன்றிரண்டு நாட்களிலேயே முகத்தை வீங்கச் செய்து நாற்றமடிக்கும் சளியைக் கொண்டுவரும். தொற்று மூச்சுக்குழல் அழற்சி அதைவிடவும் விரைவாகப் பரவி முட்டை ஓட்டைக் கோணலாக்கும். குரல்வளை அழற்சியின் வைரஸோ நரம்பணுக்களில் ஒளிந்திருந்து, இடமாற்றமும் கொத்துச் சண்டையும் தரும் அழுத்தத்தில் மீண்டும் கிளம்பும். புதிய கூட்டத்தில் இடம்பிடிக்கப் போராடும் கோழிக்கு அந்த அழுத்தம் எப்படியும் உண்டு.

இத்தனை நோய்களுக்கும் முதல் அடையாளம் தும்மல்தான் என்றிருக்க, எது என்று பாராமலே எல்லாக் கோழிக்கும் ஒரே மருந்தைத் தண்ணீரில் கலக்கும் வழக்கத்தை எப்படிப் பொறுத்துக்கொள்வது? வைரஸ் நோயை நுண்ணுயிர்க்கொல்லி தீர்க்காது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது என்பதால் செல்சுவரைத் தாக்கும் பென்சிலின் வகை மருந்தும் அதை அசைக்காது. மருந்து உண்ட கோழியின் முட்டையை எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பதையும் எவரும் சொல்வதில்லை. அதைத் தின்பவர்கள் எங்கள் குழந்தைகள். இதை எழுதும்போது என் குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் நான் இழப்பீடு கேட்கவில்லை. தடுப்பூசி, மருந்து, முன்பு கண்ட நோய் ஆகிய மூன்றையும் எழுதிய ஒரு தாளைக் கோழியோடு கொடுங்கள். அதன் அடியில், முப்பது நாள் தனிக் கொட்டிலில் வைக்க வேண்டும், தினமும் பழைய கோழிகளைக் கவனித்த பிறகே புதியவற்றிடம் போக வேண்டும், அங்கே வேறு செருப்பும் வேறு தண்ணீர்ப் பாத்திரமும் வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். தும்மும் கோழி உங்கள் பண்ணையில் ஒன்று இருந்தாலும், சோதனை முடியும்வரை அந்தக் கூட்டத்திலிருந்து எதையும் விற்காதீர்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் கோழி வாங்கும் ஒருவர்