சுறா கடித்த வாரத்தில் கடலில் இறங்கலாமா?

அன்புள்ள தம்பி,

ஒரே வாரத்தில் இரண்டு பேரைச் சுறா கடித்திருக்கிறது, மூடிய கடற்கரையைத் திரும்பத் திறந்துவிட்டார்கள், பிள்ளைகளோடு இறங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். உலகம் முழுக்க வருடத்துக்கு ஐந்தாறு பேர்தான் சுறாவால் சாகிறார்கள் என்று நண்பர்கள் தைரியம் சொன்னார்களாம். கணக்கு ஏறக்குறையச் சரிதான். ஃப்ளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரிக்கும் சர்வதேசப் பதிவேட்டின்படி, மனிதர் சீண்டாமலே சுறா கடித்த நிகழ்வுகளே 2023இல் 69, 2024இல் 47தான்; இறப்பு அதிலும் குறைவு. ஆனால் அது எல்லாக் கடற்கரைகளையும் எல்லா நாட்களையும் சேர்த்துப் போட்ட சராசரி. நீ இறங்கப்போவது ஒரே ஒரு கடற்கரையில், ஒரு குறிப்பிட்ட நாளில். அங்கே சுறாவைக் கரைக்கு அருகே வரவழைத்தது எது, அது இன்னும் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் காரணம் கண்ணுக்குத் தெரியும். கனமழைக்குப் பிறகு ஆறு கலங்கலாகக் கடலில் விழுகிறது; சிறு மீன்கள் முகத்துவாரத்தில் கூடுகின்றன; பின்னாலேயே காளைச் சுறா வருகிறது. நன்னீரிலும் வாழக்கூடியது என்பதால் அது ஆற்றுக்குள்ளேயே ஏறிப்போகும். கலங்கல் நீரில் எதிரே அசைவது மீனா மனிதக் காலா என்று வாயால்தான் சோதித்துப் பார்க்கும். 1916 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பன்னிரண்டு நாட்களுக்குள் நான்கு பேர் சுறா கடித்து இறந்தார்களே, அவர்களில் இருவர் கடிபட்டது கடலில்கூட இல்லை, உள்ளே தள்ளியிருந்த ஓர் ஓடையில். பிரேசிலின் ரெசிஃபே கரையில் 1992இலிருந்து தொடர்ந்த கடிகளை, தெற்கே சுவாப்பே துறைமுகம் கட்டியதால் கழிமுகச் சூழல் கெட்டதோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். கரை ஒதுங்கிய திமிங்கலச் சடலம், கரையோரம் வரும் மீன் கூட்டம், கடல்நாய்கள் தங்கும் பாறை, மீன் கழுவிக் கழிவைக் கொட்டும் இடம் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

அதனால் உயிர்காப்பாளரிடம் "இப்போது பாதுகாப்பா?" என்று கேட்காதே. "திறந்திருக்கிறது" என்பதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? எந்த இனச் சுறா, எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழத்தில் கடித்தது, கடிபட்டவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேள். விடியற்காலையில் தொலைவில் அலைப்பலகையில் இருந்தவரைப் பெரும் வெள்ளைச் சுறா கடித்தது என்றால், நடுப்பகலில் தெளிந்த நீரில் இடுப்பளவில் நிற்கும் உனக்கு அந்தச் செய்தியின் எடை குறைவு. கலங்கிய நீரில் இடுப்பளவு ஆழத்திலேயே காளைச் சுறா கடித்தது என்றால் யோசிக்கவே வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே.

"கடித்த சுறாவைப் பிடித்துவிட்டார்கள்" என்ற செய்தியையும் "ஒரு நாள் மூடி வைத்தோம்" என்ற அறிவிப்பையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நிக்கோல் என்று பெயரிடப்பட்ட ஒரு வெள்ளைச் சுறா தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் சுமார் 11,000 கிலோமீட்டரை 99 நாளில் கடந்தது. நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல்! கடித்த சுறா அதே இடத்தில் காத்திருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பிடிபட்டதுதான் கடித்தது என்பதற்கும் இல்லை. நீர் தெளிந்ததா, மீன் கூட்டம் போய்விட்டதா, சடலத்தை இழுத்துப் போய்விட்டார்களா என்பதே கணக்கு.

நீ போய் நின்றதும் செய்யவேண்டியது இது. பிள்ளைகளைக் கரையில் நிறுத்திவிட்டு முழங்காலளவு நீரில் நின்று குனிந்து பார். பாதம் தெரியவில்லை என்றால் திரும்பிவிடு. பிறகு பத்து நிமிடம் கடலைக் கவனி. பறவைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாய்ந்தால் கீழே மீன் கூட்டம் இருக்கிறது. டால்ஃபினைக் கண்டு நிம்மதி கொள்ளாதே. அதுவும் சுறாவும் ஒரே இரையைத் தேடித்தான் வருகின்றன. தூண்டில் போடுகிறவர்களிடமிருந்து நன்றாக விலகிப் போ. மணல் திட்டுகளுக்கு நடுவிலும், திடீரென ஆழமாகும் சரிவின் விளிம்பிலும் நீந்தாதே. விடியல், அந்தி, இரவு மூன்றும் வேண்டாம். மின்னும் நகைகளைக் கழற்றிவிடு. நாயை நீரில் இறக்காதே. மாதவிலக்குச் சமயத்தில் சுறா தேடி வரும் என்பதற்கு ஆதாரம் ஏதும் கிடைத்ததில்லை, உன் மனைவியிடம் சொல்.

வலை போட்டிருக்கிறார்கள் என்றால் எந்த வலை என்று பார். கடலடியிலிருந்து நீர்மட்டம் வரை சுற்றி அடைத்த நீச்சல் அடைப்பு என்றால், கிழிசல் இல்லாதவரை நம்பலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1937இலிருந்து போட்டுவரும் சுறா வலை வேறு வகை: சுமார் 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம், அவ்வளவுதான். மேலேயும் கீழேயும் இருபக்கமும் திறந்த கடல். ட்ரோன் நல்ல கருவி; ஆனால் கலங்கல் நீரில் அதற்கும் ஒன்றும் தெரியாது, "எதுவும் தென்படவில்லை" என்ற அறிவிப்புக்கு அங்கே பொருளே இல்லை. சுறாவை விரட்டும் என்று விற்கும், கையில் கட்டும் காந்தப் பட்டைக்குக் காசைக் கரியாக்காதே. 2018இல் வெளியான ஓர் ஆய்வுக்காகத் தென் ஆஸ்திரேலியாவில் இதுபோன்ற ஐந்து கருவிகளை, இரையைத் தொங்கவிட்டு வெள்ளைச் சுறாக்களிடம் சோதித்தார்கள். அலைப்பலகையில் பொருத்தும் ஒரு மின்புலக் கருவி மட்டும், இரை பறிபோன தடவைகளை 96 சதவீதத்திலிருந்து 40க்குக் குறைத்தது. அப்போதும் நாற்பது மிச்சம். காந்தப் பட்டையால் சொல்லும்படி பலன் இல்லை.

இன்னொன்று. சுறாவுக்குப் பயந்து, கூட்டமில்லாத, உயிர்காப்பாளரின் காவல் எல்லையைக் காட்டும் கொடி நடாத பக்கமாகப் போய் இறங்குகிறவர்கள் உண்டு. அது சுறாவைவிட ஆபத்து. 2021இல் உலகெங்கும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடற்கரையில் ஆளை உள்ளே இழுப்பது பெரும்பாலும் கடலை நோக்கி ஓடும் நீரோட்டம்தான். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அலையில்லாமல் கருத்து அமைதியாகத் தெரியும் அந்த இடைவெளிதான் அதன் வாய். இறங்க நல்ல இடம் என்று பிள்ளைகள் அதைத்தான் காட்டுவார்கள். மாட்டினால் எதிர்த்து நீந்தக்கூடாது. மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும், தெம்பிருந்தால் கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும். கொடிகளுக்கு நடுவே, பிள்ளைகளுக்கு முழங்கால், உனக்கு இடுப்பு. அந்த ஆழம் கடியைத் தடுத்துவிடாது; ஆனால் நாலு எட்டில் வெளியே வந்துவிடலாம், தூக்க ஆள் வந்து சேரும்.

கடி பட்டவர் இறப்பது பெரும்பாலும் இரத்தப் போக்கால், அதுவும் சில நிமிடங்களில். சுறா பிடித்துக்கொண்டிருந்தால் கண்ணிலும் செவுளிலும் ஓங்கிக் குத்த வேண்டும். விட்டதும் உடனே வெளியே. அலை தொடாத மணலில் மல்லாக்கப் படுக்கவை. காலில் கடியென்றால் உன் கைவிரல்களை முஷ்டியாக மடக்கி, அந்தப் பக்கத் தொடையிடுக்கின் நடுவில் வைத்து, கை மடங்காமல் உடல் எடை முழுவதையும் இறக்கு. தொடைத் தமனி அங்கேதான் ஓடுகிறது. அதற்குள் இன்னொருவர் காயத்துக்கு நான்கு விரற்கடை மேலே, மூட்டைத் தவிர்த்து, இறுக்குப் பட்டை (டூர்னிகெட், இரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டட்டும். பட்டை இல்லையென்றால் நான்கு சென்டிமீட்டராவது அகலமுள்ள துணியில் குச்சி செருகித் திருக வேண்டும். மெல்லிய கயிறு சதையை அறுக்குமே தவிர இரத்தத்தை நிறுத்தாது. பலர் தவறுவது அடுத்ததில்தான்: வலியில் அலறுகிறாரே என்று தளர்த்திவிடுவார்கள். இரத்தம் நிற்கும்வரை திருகு. நிற்கவில்லை என்றால் அதற்குச் சற்று மேலே, உடலை நோக்கி, இரண்டாவது பட்டை கட்டு. கட்டிய நேரத்தைத் தோலில் எழுது. மருத்துவமனை போகும்வரை அவிழ்க்காதே. உலர்ந்த துணியால் போர்த்து, குடிக்க ஒன்றும் கொடுக்காதே. சின்னக் கடி என்று வீட்டுக்கும் போய்விடாதே. கடல் நீரின் கிருமிகள் காயத்தைச் சீக்கிரம் சீழ்பிடிக்க வைக்கும். கடற்கரைப் பையில் தின்பண்டத்துக்கு அடியில் ஓர் இறுக்குப் பட்டை கிடக்கட்டும், அதை எப்படிக் கட்டுவது என்று உன் மனைவிக்கும் முன்கூட்டியே காட்டிவிடு.

அன்புடன்,
அண்ணன்