யானை இன்னும் வருகிற ஊரில் பயத்துக்கு வைத்தியம்: மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உதகை அரசு மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர்களுக்கும், நீலகிரி மாவட்ட மனநலத் திட்டத்தில் பணிபுரிவோருக்கும்,

வணக்கம். நான் பந்தலூர் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விஆர் என்கிற மெய்நிகர் காட்சியை வைத்து மனக்காயத்துக்குச் சிகிச்சை தரும் முறையை நம் மாவட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன். வெளிநாட்டில் செய்ததை அப்படியே வாங்கி வைத்தால் இங்கே பயன்படாது. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சேரம்பாடி, தேவாலா, ஓவேலி என்று எங்கள் பக்கம் யானை தாக்கி ஆள் இறந்த வீடுகள் நிறைய. இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. அன்றைக்குக் கூடவே நடந்து போய் உயிர் தப்பியவருக்கு என்ன உண்டு? நட்ட நடுப்பகலில் கூட அவர் கொழுந்து பறிக்கப் போவதில்லை. யானை தேடி வருகிற பலாப்பழத்தின் வாசனை வந்தால் கை நடுங்குகிறது. ராத்திரி தகரக் கூரையில் மரக்கிளை விழுந்தால் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். வீட்டார் மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். அப்புறம், வேலைக்குப் போகாத சோம்பேறி என்ற பெயரும் வந்து சேர்கிறது.

யானை மட்டுமா? 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தபோது, எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாங்கள் சொந்தக்காரர்களைத் தேடி ஓடினோம். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் பக்கம் முப்படைத் தளபதி பிபின் ராவத் போன ஹெலிகாப்டர் விழுந்தபோது, நஞ்சப்பசத்திரத்து மக்கள் எரிகிற அந்த ஹெலிகாப்டரை நோக்கிக் குடத்தில் தண்ணீரும் கம்பளியும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நாடே பாராட்டியது. அன்று கண்ணால் கண்டது அத்தனை சுலபத்தில் போகுமா?

இந்தச் சிகிச்சையின் அடிப்படை எளிமையானது. பயந்த இடத்தை விட்டு விலகி விலகிப் போகப் பயம் வளர்கிறது. பாதுகாப்பான அறையில், பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க, அந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போய்ப் பார்த்தால் பயம் தணிகிறது. கண்ணை மூடி நினைத்துச் சொல்லச் சொன்னால் சிலருக்கு வாயே திறக்காது. அவர்களுக்குக் கண்ணில் மாட்டும் ஹெட்செட் உதவுகிறது. வெளிச்சம், சத்தம், தூரம் எல்லாவற்றையும் சிகிச்சையாளர் கணினியில் கூட்டிக் குறைக்கலாம். பயம் இப்போது நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு நகர்த்துவார். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் உளவியலாளர் பார்பரா ரோத்பாம் குழுவினர் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு இப்படிக் காட்டையும் ஹெலிகாப்டரையும் காட்டினார்கள். பிறகு இன்னொரு உளவியலாளர் ஸ்கிப் ரிஸ்ஸோ குழுவினர் ஈராக் போருக்குப் போய்வந்த அமெரிக்க வீரர்களுக்காகச் செய்ததில் வாசனையும், தரை அதிர்வும்கூடச் சேர்ந்தன.

ஆனால் கருவியே வைத்தியம் ஆகிவிடாது. 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 162 ராணுவ வீரர்களைப் பார்த்தார்கள். விஆர் முறையும் பலன் தந்தது, ஹெட்செட் இல்லாமல் நேரில் பேசிச் செய்யும் பழைய முறையும் பலன் தந்தது. மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பழைய முறையே ஒரு படி மேலே நின்றது. அதனால்தான் சொல்கிறேன்: முதல் செலவு ஆளுக்கு. இந்த முறையில் பயிற்சி பெற்ற கவுன்சலர்கள் இருவராவது கூடலூரில் இருக்கட்டும். ஹெட்செட் அவர்கள் கைக்கு வரட்டும்.

இன்னொன்றுதான் என்னை ரொம்ப யோசிக்க வைக்கிறது. அந்த வீரர்கள் போர் முடிந்து வீடு திரும்பியவர்கள். இங்கே யானை நாளைக்கும் வரும், ஜூனில் மழையும் வரும். பயத்தை முழுக்கத் துடைத்துவிட்டால் ஆளையே இழந்துவிடுவோம். சாயங்காலம் தனியாக நடக்காதே என்று சொல்கிற பயம் இருக்க வேண்டும். மதிய வெயிலில் பத்துப் பேரோடு நிற்கும்போதும் மூச்சை அடைக்கிற பயம்தான் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருப்பவருக்கும், யானையின் நடை தெரிந்த வனத்துறை வாட்சருக்கும் தெரியும். காட்சிகளை உருவாக்கும்போது அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வீரர்களுக்காகச் செய்த பாலைவனக் காட்சி எங்களுக்கு எதற்கு? தேயிலைக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதை, மூடுபனி, தகரத்தில் விழும் மழை, மூங்கில் முறிகிற சத்தம் வேண்டும். பேச்சு தமிழில் இருக்கட்டும். இங்குள்ள பழங்குடிகளான பணியரிடமும் காட்டுநாயக்கரிடமும் அவர்கள் பேச்சிலேயே பேச அவர்களில் ஒருவரை வேலைக்கு எடுங்கள்.

மனச்சோர்வுக்கும் இதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் 15 பேரிடம் ஒரு சிறு ஆய்வு நடந்தது. அழுகிற குழந்தையை ஆறுதல்படுத்தச் சொல்லி, பிறகு அந்தக் குழந்தையின் இடத்தில் இருந்து தன் ஆறுதலைத் தானே கேட்கச் செய்தார்கள். சிலருக்குச் சோர்வு குறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. நம்பிக்கை தருகிறது, சரி, இப்போதைக்கு அவசரமில்லை.

பந்தலூரிலிருந்து உதகைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். இந்தச் சிகிச்சைக்கோ வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்கு மேல், இரண்டு மூன்று மாதம் வர வேண்டும். ஆகவே கூடலூர் அரசு மருத்துவமனையில் ஓர் அறை ஒதுக்குங்கள். வருகிற நாளுக்குக் கூலி ஈடு கொடுக்க எஸ்டேட் நிர்வாகங்களிடம் பேசுங்கள். தலைச்சுற்றல் வருகிறவரையும் வலிப்பு உள்ளவரையும் முதலிலேயே விசாரித்துப் பிரித்துவிடுங்கள். அதுவரைக்கும் மனநல உதவிக்குக் கூப்பிடும் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐக் கொழுந்து எடை போடும் இடங்களிலெல்லாம் தமிழில் எழுதி ஒட்டலாம். அதற்கு இந்த வாரமே ஆள் திரட்ட என்னால் முடியும். காட்சிகளுக்கு இடம் காட்டவும், பேச்சைப் பதிவு செய்யவும் கூப்பிட்டால் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
பந்தலூர்