கிராம அபிவிருத்திச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

வழமையான அலுவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தின் பின்கூரை மாற்றப்பட்டது. சிரமதானத்தில் மயானப் பாதையும் வாய்க்கால் ஓரமும் துப்புரவாயின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நிர்வாக சபை அதிகம் மினக்கெட்டது தமிழகத்திலிருந்து திரும்பிய குடும்பங்களின் பதிவு அலுவல்களில்தான். போருக்குப் பயந்து போய், அங்குள்ள அகதி முகாம்களில் அரை ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர்கள் இவர்கள். அங்கே உதவித்தொகை இருந்தது. 2021இல் தமிழக அரசு அதைக் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 இந்திய ரூபாவாகக் கூட்டியது. குடியுரிமைதான் இல்லை. 2019இல் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசத்திலிருந்து வந்தவர்களுக்கே. எங்கள் சனம் அதில் இல்லை. சரி, ஊருக்கு வந்தால் உரிமை இருக்கிறது, அதைக் காட்டக் கடதாசி இல்லை.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும் என்கிறது இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம். பிந்தினால் அமைச்சரின் அனுமதி வேண்டும். முகாமில் பிறந்த பிள்ளைகள் பலருக்கு அந்தப் பதிவு நடக்கவேயில்லை. பதிவு இல்லாமல் அடையாள அட்டை கிடையாது. அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கிலிருந்து, வறிய குடும்பங்களுக்கு அரசு தரும் அஸ்வெசும உதவித்தொகை வரை எல்லாம் இழுபடும்.

ஒரு தாய் கொண்டுவந்த பிறப்புச் சான்றிதழ் இராமநாதபுரம் மாவட்டத்தில் கொடுத்தது. தகப்பனின் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்துத்தான் இருக்கிறது. அவருடைய இலங்கைப் பதிவிலோ முழுப்பெயர், அதுவும் வேறு எழுத்துக்கூட்டலில். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு அனுப்பினோம். மகள் அடுத்த வருடம் சாதாரணதரப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை. பதில் இன்னும் வரவில்லை.

கடதாசியை விடப் பெரிய தடை பயம். 2025 மே மாதம், தமிழகத்திலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர், அந்தக்காலத்தில் முறையான வழியில் நாட்டை விட்டுப் போகவில்லை என்று பலாலி விமான நிலையத்தில் கைதானார். செய்தி இங்கே உடனே பரவிவிட்டது. வள்ளத்தில் போய் வள்ளத்திலேயே திரும்பிய ஒரு குடும்பம் அதற்குப் பிறகு பிரதேச செயலகப் பக்கமே போகமாட்டோம் என்றது. அஸ்வெசும விண்ணப்பத்தையும் நிரப்பாமல் திருப்பித் தந்துவிட்டார்கள். மிக வறிய குடும்பத்துக்கு 2025 தொடக்கம் மாதத்துக்கு 17,500 ரூபா. அந்த வீட்டில் அது அரிசியும் பால்மாவும். உயிருக்குப் பயந்து கடல் கடந்தவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கும் நடைமுறை நிற்க வேண்டும் என்பது எமது சங்கத்தின் நிலைப்பாடு.

இப்படிப் பயந்து உதவியை விடுவது இங்கே மட்டுமல்ல. அங்கத்தவர் ஒருவரின் மகள் அமெரிக்காவில் இருக்கிறார். கிரீன் கார்டு என்னும் நிரந்தர வதிவிட அட்டைக்குக் காத்திருந்தபோது, அங்கேயே பிறந்த பிள்ளைக்கு உரிய உணவு உதவியைக்கூட அவர் எடுக்கவில்லை. அரசுக்குப் பாரமாவார் என்று கருதினால் நிரந்தர வதிவிடத்தை மறுக்கலாம் என்ற விதி அங்கே 2020 பெப்ரவரியில் இறுக்கப்பட்டு, 2021 மார்ச்சில் பழையபடி தளர்த்தப்பட்டது. பிள்ளை பெறும் உதவியைத் தாயின் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது அந்த இறுக்கமான விதியிலேயே இருந்தது. அப்படியிருந்தும், தளர்த்திய பிறகும் அவர் விண்ணப்பிக்கவில்லை. அதை அந்த அங்கத்தவர் கூட்டத்தில் சொன்ன பிறகுதான், படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டு நிற்காமல், நிர்வாக சபையிலிருந்து ஒருவர் கூடவே கந்தோருக்குப் போவதென்று முடிவெடுத்தோம். திரும்பி வந்த குடும்பங்களில் சிலர் இப்போது வருகிறார்கள். வள்ளத்தில் வந்த குடும்பம் இன்னும் வரவில்லை; அவர்களோடு தொடர்ந்து கதைக்கிறோம்.

பிரஜாவுரிமை, ஆட்பதிவு அதிகாரிகளையும் ஒரு சட்டத்தரணியையும் அழைத்து எமது மண்டபத்திலேயே நடமாடும் சேவை நடத்தக் கோரும் தீர்மானத்தைச் சபை முன் வைக்கிறேன். இந்தியச் சான்றிதழ் வைத்திருப்போர் மூலப்பிரதியோடு ஞாயிறு காலை மண்டபத்துக்கு வரவும். மூலப்பிரதியைத் தயவுசெய்து லாமினேட் செய்ய வேண்டாம்.

நன்றி.
செயலாளர்