கூகுளில் முதலிடம் வாங்கித் தருகிறார்களாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

மண்டபத்தில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன், நெத்திலியும் சீலாவும் வெளியூருக்குப் பார்சல் போக ஒரு வெப்சைட்டும் உண்டு. '30 நாளில் கூகுளில் முதலிடம்' என்று ஒருவர் அடித்துச் சொன்னதை நம்பிப் பணம் கட்டினேன். வந்தது முதலிடம்தான், ஆனால் கடைப் பெயரைப் போட்டுத் தேடினால் மட்டும். அப்படித் தேட என் மச்சானை விட்டால் யார் இருக்கிறார்கள்? 'நெத்திலி கருவாடு' என்று தேடினால் ஆளையே காணோம். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, பலன் தெரிய பெரும்பாலும் 4 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்று கூகுளே எழுதி வைத்திருப்பதை அப்புறம்தான் படித்தேன். எந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கு கூகுளே தரும் 'சர்ச் கன்சோல்' என்ற வசதியில் இலவசமாகவே பார்க்கலாம். அந்த சர்ச் கன்சோல் கணக்கை முதலில் உங்கள் மெயிலில் தொடங்கிவிட்டு, அப்புறம் இந்த வேலைக்கு ஆள் தேடுங்கள், என்னுடையது அவர் மெயிலில் மாட்டி, திரும்ப வாங்குவதற்குள் படாத பாடு பட்டேன்.

ஒரு வாசகர், மண்டபம்