கண் முகாமில் இமையையும் புரட்டிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாகக் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். அம்மாவுக்கு அது உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போய்விடும். இரண்டு இடங்களில் காட்டினேன், சொட்டு மருந்து எழுதித் தந்தார்கள், அவ்வளவுதான். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் இமையைப் புரட்டி லேசாக அழுத்தினார், எண்ணெய் மாதிரி வர வேண்டியது பற்பசை மாதிரி கெட்டியாக வந்தது. அப்புறம் அகச்சிவப்பு ஒளியில் ஒரு படம் எடுத்துக் காட்டினார்கள். கறுப்பில் வெள்ளைக் கோடுகள், சீப்புப் பல் போல வரிசையாக இருக்க வேண்டியவை, எனக்கு நடுநடுவே பல் போயிருந்தது.

அந்தக் கோடுகள்தான் இமைக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள், மைபோமியன் சுரப்பி என்று பெயராம். மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழே 20 முதல் 30 வரை இருக்கும். இவை சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீர் காய்ந்துபோகாமல் மேலே ஏடு போலக் காக்கிறது. இமைக்கும்போதுதான் அது கண்ணில் பரவும், நாமோ திரையைப் பார்க்கும்போது இமைப்பதையே மறந்துவிடுகிறோம். அழிந்த சுரப்பியை மீட்பது கஷ்டம், ஆரம்பத்திலேயே தெரிந்தால் வெந்நீர் ஒத்தடம், இமையை நீவிவிடுவது என்று இருப்பதையாவது காப்பாற்றலாம்.

அந்தப் படம் எடுக்கும் கருவி பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கிறது. ஆனால் செல்போன் கேமராவில் சின்ன அகச்சிவப்பு விளக்கும் லென்ஸும் பொருத்தி இதே படத்தை எடுக்கும் முறைகளை ஆராய்ச்சியாளர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். டிவி ரிமோட்டை செல்ஃபி கேமரா முன்னால் அமுக்கிப் பாருங்கள், பல போன்களில் நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் மினுங்கும். கிட்டத்தட்ட அதே சங்கதிதான்.

1819-லேயே எழும்பூர் கண் ஆஸ்பத்திரி தொடங்கிய ஊர் இது. மாநகராட்சி சுகாதார நிலையங்களிலும் கண் முகாம்களிலும் இந்த போன் முறையைச் சோதித்துப் பார்த்தால் என்ன? முகாமுக்குப் போனால் புரை இருக்கிறதா, கண்ணாடி பவர் என்ன, இதோடு அனுப்பிவிடுகிறார்கள்.

அதற்காக வீட்டிலேயே படம் எடுத்து நாமே முடிவு கட்டுவது வேண்டாம். வயதானவர்களுக்கு இமையில் ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்தால் நாமக்கட்டியை உரைத்துத் தடவிக்கொண்டு உட்காரக் கூடாது, அது அபூர்வமாகப் புற்றாகவும் இருக்கலாம், சதையை எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். போன் படம் யாரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று சொன்னால் போதும். அடுத்த முகாமிலாவது, போன் இல்லாவிட்டாலும் சரி, கையாலாவது ஒரு தடவை இமையைப் புரட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
வாசகி, திருவல்லிக்கேணி, சென்னை